பழைய சட்டைக்கு வந்த மவுசு

பாத்திரத்துக்குப் போட்ட துணி கூரியரில் வீடு தேடி வருகிறது. அப்பா காலத்தில் ‘அடுத்தவன் சட்டை’ என்று மறைத்ததை, பிள்ளைகள் இன்று படம் பிடித்துப் போடுகிறார்கள்.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மேற்கு டெல்லியில் ரகுபீர் நகர். ‘கோடா மண்டி’ என்று பெயர்பெற்ற திறந்தவெளிச் சந்தையில் தெருவிளக்கு வெளிச்சம் போதாமல் வாங்க வந்தவர்கள் கையில் டார்ச். தரையில் விரித்த போர்வைகளின் மேல் சட்டை, பேன்ட், சுடிதார், ஸ்வெட்டர், பள்ளிச் சீருடை என்று துணிக் குவியல்கள். பின்னால் முக்காடு போட்ட பெண்கள். முன்னால் குந்தியிருக்கும் வியாபாரி ஒரு சட்டையை உருவி எடுக்கிறார். முதலில் காலரின் உள்மடிப்பு. அடுத்து அக்குள். பிறகு டார்ச்சுக்கு முன்னால் விரித்துப் பிடிக்கிறார். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். பேன்ட் என்றால் ஜிப்பை ஏற்றி இறக்கிவிட்டு, இரண்டு தொடையும் உரசும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். தேறியது ஒரு பக்கம், தேறாதது மறுபக்கம். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும்.

விற்கும் பெண்கள் பெரும்பாலும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தினர். பகலில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு குடியிருப்புகளுக்குப் போய்ப் பழைய துணி வாங்கி வருகிறார்கள், அதிகாலையில் இங்கே விற்கிறார்கள். நல்ல சட்டையை வாங்கியவர் துவைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு வாரச் சந்தையில் விற்பார். கிழிந்த பருத்தி, இயந்திரம் துடைக்கும் துணியாகத் தொழிற்சாலைக்குப் போகும். பழைய பட்டு, வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் பாவாடையாகவோ தலையணை உறையாகவோ மாறும். லூசி நாரிஸ் என்ற மானுடவியலாளர் இந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்து 2010-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அந்தச் சங்கிலியில் இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். கல்லூரி மாணவியாகவோ வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞராகவோ இருப்பார். குவியலில் இருந்து இருபது முப்பது உருப்படிகளைப் பொறுக்கி, நீராவி இஸ்திரி போட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே மாட்டிப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார். இதற்கு ‘டிராப்’ என்று பெயர். முன்கூட்டியே நேரம் அறிவிப்பார்கள், முதலில் கமென்ட் போட்டவருக்குச் சட்டை. எல்லாமே ஒற்றை உருப்படி என்பதால் நல்லவை கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இந்தியாவில் இந்த ‘த்ரிஃப்ட்’ பக்கங்கள் பெருகியது 2020 ஊரடங்கை ஒட்டி. முன்னோடிகளில் பலர் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பிள்ளைகள். அங்கே மூட்டை பிரித்து விற்கும் வெளிநாட்டுப் பழைய துணிக்குத் தலைமுறைகளாகச் சந்தை உண்டு, அதை வாங்கி அணிவதில் கூச்சமும் கிடையாது.

நம் ஊரில் அந்தக் கூச்சம் உண்டு. அதனால்தான் இங்கே இது ஒரு விவாதம். வீட்டுக்கு வீடு ஒரே சண்டை: “காசு குடுத்து எவனோ போட்ட சட்டையை வாங்குவியா?” என்று அம்மா. “எவனோ இல்லம்மா, இது வின்டேஜ்” என்று பிள்ளை.

தெருமுனையில் ஒரு பண்டமாற்று

பழைய துணி வியாபாரம் நமக்குப் புதிதல்ல. மத்தியான வேளையில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று குரல் கேட்டதும் பரணில் இருந்து மூட்டையை இறக்கியவர்கள்தான் நம் அம்மாக்கள். அந்தப் பேரத்துக்கு எழுதாத விலைப் பட்டியல் உண்டு. பேன்ட்டுக்கு மதிப்பு அதிகம், சட்டைக்குக் கொஞ்சம் குறைவு, சாயம் போன நைட்டிக்கு மதிப்பே இல்லை, ஜரிகைப் புடவை என்றால் பாத்திரக்காரம்மாவின் முகமே மாறும். “அக்கா, இன்னும் ரெண்டு பேன்ட் போடுங்க, இந்தக் குண்டானையே எடுத்துக்குங்க” என்பார். துணி எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

வெளிநாட்டுப் பழசு வரும் வழி வேறு. இந்தியாவுக்குள் அணியத்தக்க பழைய உடையை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. உடுத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்த கந்தல் என்றால் தடையில்லை. குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் மேற்கு நாடுகளின் கழிவு உடைகள் வந்து இறங்குகின்றன. அங்கே பெண்கள் அவற்றைத் தரம் பிரிக்கிறார்கள். நல்லவை மூட்டை கட்டப்பட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. கம்பளிக் கந்தல்கள் ஹரியானாவின் பானிபட்டுக்கு. அங்கே பட்டன், ஜிப் எல்லாம் அறுத்தெடுத்து, நிறவாரியாகக் கிழித்து, நாராக்கி, மறுபடி நூலாக நூற்று மலிவுப் போர்வை நெய்கிறார்கள். பூகம்பம், வெள்ளம் என்றால் உலகெங்கும் நிவாரண முகாம்களுக்குப் போன போர்வைகளில் பானிபட் சரக்கு ஏராளம்.

பானிபட்டின் பெண் தொழிலாளர்களைப் பற்றி மேக்னா குப்தா 2012-ல் ‘அன்ராவல்’ என்ற குறும்படம் எடுத்தார். புத்தம்புதிது போல் வந்து விழும் உடைகளைப் பார்த்து, மேற்கு நாட்டுக்காரர்கள் ஊரில் தண்ணீர் விலை ரொம்ப அதிகம் போலிருக்கிறது, துவைக்க வழியில்லாமல்தான் தூக்கிப் போடுகிறார்கள் என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு விளக்கம் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் அனுபவத்தில், துவைக்க முடிகிற துணியை ஒருவர் எறிவதற்கு வேறு காரணமே இருக்க முடியாது.

பெட்டிச் செய்தி: கடையில் இருந்து கைப்பேசி வரை

1902: அமெரிக்காவின் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், பணக்காரர் வீட்டுப் பழைய துணியை வாங்கி, ஏழைகளைக் கொண்டே செப்பனிட்டு விற்கத் தொடங்கினார். இன்றைய குட்வில் கடைகளின் தொடக்கம் அது.

1947: இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிராட் ஸ்ட்ரீட்டில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு நன்கொடைப் பொருள்களை விற்க ஒரு கடையைத் திறந்தது.

1965: காண்ட்லாவில் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலம்.

1966: பிலிப்பைன்ஸ் பழைய துணியை வணிகத்துக்காக இறக்குமதி செய்யத் தடைச் சட்டம் போட்டது. சட்டம் இன்றும் இருக்கிறது. ‘உகாய் உகாய்’ என்ற பழைய துணிக்கடைகள் ஊர் ஊராக இருக்கின்றன.

2008: லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசில் வின்டெட் தொடங்கப்பட்டது. ஐரோப்பியர்கள் ஒருவர் உடையை ஒருவருக்கு விற்கும் பெரிய இணையச் சந்தை இன்று அதுதான்.

2018: பழைய துணிக்கு இறக்குமதி வரியைக் குறைக்க மறுத்த ருவாண்டாவுக்கு, ஆயத்த ஆடை ஏற்றுமதியில் கொடுத்துவந்த வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

அம்மாவின் கூச்சத்தில் ஒரு வரலாறு இருக்கிறது

பழைய துணி என்றால் நமக்கு ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தையைப் பல வீடுகளில் முதலில் சுற்றுவது நைந்த பழைய வேட்டியில்தான்; புதுத்துணியின் கஞ்சி மொடமொடப்பு பிஞ்சு உடம்புக்கு ஆகாது. தொட்டிலுக்கு அம்மாவின் பழைய புடவை. மனிதர் இறந்தால்தான் புத்தம்புது கோடி போர்த்துகிறோம். அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கைக்கு என்பது நடுத்தர வீடுகளின் எழுதாத சட்டம். ரத்த உறவுக்குள் பழசு அசிங்கமில்லை.

வீட்டு வாசலைத் தாண்டியதும் கதை மாறுகிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சூத்திரருக்கு எச்சில் சோற்றோடு பழந்துணியைக் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளர் என்று ஒதுக்கியவர்களுக்குப் பிணத்தின் ஆடையை விதிக்கிறது. ஏட்டில் இருந்தது மட்டுமல்ல இது. பண்ணையார் வீட்டுக் கழிசல் வேட்டியைத் தீபாவளிக்கு வாங்கிக் கட்டியவர்கள், சாவு வீட்டுத் துணியை எடுத்துப் போக விதிக்கப்பட்டவர்கள் நம் ஊர்களில் வாழ்ந்திருக்கிறார்கள். அம்பேத்கரின் மடிப்புக் கலையாத கோட்டும் டையும் எதற்காக என்று கேட்பவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள். சிலைகளில்கூட அவர் நீலக் கோட்டோடுதான் நிற்கிறார்.

காந்திக்கும் இது பிரச்சினையாக வந்தது. 1921-ல் அந்நியத் துணியைக் கொளுத்தும் இயக்கம் நடந்தபோது, எரிப்பதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று அவருக்கு நெருக்கமானவர்களே கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தாகூருக்குப் பதில் சொல்லி ‘யங் இந்தியா’வில் எழுதிய கட்டுரையில், வேலை கேட்கிறவனுக்குக் கழித்த துணியைக் கொடுத்து அவமதிக்க மாட்டேன், கொடுப்பதென்றால் என்னிடம் இருப்பதில் சிறந்ததைக் கொடுப்பேன் என்ற பொருளில் வாதிட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், செப்டம்பர் 22 அன்று, மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியிருந்தார்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலையாகக் கிடந்தன. கடலில் உழைத்துச் சம்பாதித்துப் புதுத்துணி உடுத்திய மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. கிழிந்த உள்ளாடையும் ஒற்றைக் கால் பேன்ட்டும் அனுப்பியவர்கள் தானம் செய்ததாகவே நினைத்திருப்பார்கள். வீட்டைக் காலி செய்ததுதான் நடந்தது. டெல்லியின் கூன்ஜ் அமைப்பை நடத்தும் அன்ஷு குப்தா, துணியை இலவசமாகக் கொடுக்காமல், ஊருக்குக் கிணறு வெட்டுவது, பாதை போடுவது போன்ற வேலைக்குப் பதிலாகக் கொடுக்கும் முறையைப் பிடித்துக்கொண்டது இந்த மானப் பிரச்சினையைப் புரிந்துகொண்டதால்தான். அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

ஆக, துணி பழசா புதுசா என்பதில் அவமானம் இல்லை. மறுக்க முடியாத இடத்தில் நின்று வாங்கினால் அது கந்தல். நூறு சட்டையைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தால் அது ஸ்டைல். இந்த ‘த்ரிஃப்ட்’ மோகத்தில் முதலில் இறங்கியவர்களில் அலமாரி நிறையத் துணி உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்பது தற்செயல் இல்லை. பழசைப் போட்டாலும் ஊர் அவர்களை ஏழை என்று நினைத்துவிடாது.

பொம்மை இல்லாத கடை

பெரிய ஜவுளிக்கடையில் நுழைந்தால் நமக்கு முன்பே பலர் முடிவெடுத்துவிட்டார்கள். எந்த நிறம் இந்த சீஸனுக்கு, எந்தச் சட்டைக்கு எந்த பேன்ட் என்று வாசல் பொம்மையே உடுத்திக் காட்டிவிடுகிறது. பழைய துணிக் குவியலில் பொம்மை இல்லை. 1970-களின் நாய்க்காது காலரும் போன வருட டி-ஷர்ட்டும் ஒரே மூட்டையில் கிடக்கும். விற்பவருக்கே அது என்னவென்று தெரியாது. எடுப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும், அதற்குத் தன் உடம்பு தெரிந்திருக்க வேண்டும்.

பழகியவர்கள் லேபிளில் உள்ள அளவைப் பார்ப்பதே இல்லை. ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொன்றில் ‘ஸ்மால்’. இருபது வருடத்துக்கு முந்தைய அளவும் இன்றையதும் வேறு. துவைத்துத் துவைத்துச் சுருங்கியது தனிக்கணக்கு. வீட்டில் தனக்குக் கச்சிதமாக உட்காரும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், காலரடியில் இருந்து கீழ்மடிப்பு வரை டேப்பால் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்வார்கள். அந்த மூன்று எண்ணோடு ஒத்துப்போனால் எடுக்கலாம். உடை விஷயத்தில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் பாடம் இந்த டேப் அளவுதான் என்பேன். பலருக்குத் தங்கள் தோளின் அகலம் நாற்பது வயதிலும் தெரியாது.

அடுத்த பாடம் கைக்கு. குவியலில் கண்ணைவிட விரல் வேகமாக வேலை செய்யும். பாலியஸ்டரின் வழுக்கல், கைத்தறியின் சொரசொரப்பு, லினனின் கனம் எல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். சந்தேகம் இருந்தால் மடிப்பின் உள்ளிருந்து நான்கு இழை உருவித் தீயில் காட்டுவார்கள். பருத்தி என்றால் காகித வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு உருண்டையாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை வீசும். புதுத்துணிக் கடையில் வருடக்கணக்காக வாங்கியும் கற்காத துணியறிவு இது.

பிறகு டைலர். நம் ஊரில் இன்னும் தெருவுக்கு ஓர் ஆல்டரேஷன் கடை இருப்பது பெரிய வசதி. மேற்கு நாட்டு ‘த்ரிஃப்ட்’காரர்களுக்கு இது கிடையாது, அங்கே ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கக் கேட்கும் கூலிக்கு இன்னொரு பேன்ட் வாங்கிவிடலாம். டைலரிடம் போய்ப் பழகியவர்களுக்கு எது முடியும், எது முடியாது என்று தெரியும். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பிரித்து அகலப்படுத்தலாம். தோள் மட்டும் சரியில்லை என்றால் எந்த டைலரும் கையை விரித்துவிடுவார். கழற்றி மறுபடி தைக்கும் கூலி, சட்டை விலையைத் தாண்டிவிடும்.

இப்படித் தேடித் தேடி, தள்ளித் தள்ளி வரும்போது ஒருவருக்குத் திரும்பத் திரும்பக் கைக்கு வருவது எது என்று தெரியத் தொடங்குகிறது. ஒருவருக்குக் கட்டம் போட்ட பருத்தி, இன்னொருவருக்குப் பெரிய பாக்கெட் வைத்த காக்கி, இன்னொருவருக்கு அடர் பச்சை. ஸ்டைல் என்பது பெரும்பாலும் இந்தத் திரும்பத் திரும்ப வருவதுதான்.

கட்டம் என்றதும் சொல்ல வேண்டிய கதை ஒன்று. 1958-ல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இருந்து ‘மெட்ராஸ்’ கட்டம் போட்ட கைத்தறித் துணியைக் கப்பலில் வாங்கிப் போனார். (இதே கிருஷ்ணன் நாயர்தான் பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர்.) ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதில் கோட்டும் சட்டையும் தைத்து விற்றது. வாங்கியவர்கள் வாஷிங்மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிட்டது. புகார், வழக்கு மிரட்டல். கடைசியில் விளம்பரக்காரர்கள் குறையையே பெருமையாக்கினார்கள்: இது துவைக்கத் துவைக்கச் சாயம் போகும், ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி! அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டக் கோட்டுகளை அங்கே பழைய துணிப் பிரியர்கள் இன்றும் தேடுகிறார்கள். பழசானால்தான் அழகு என்று உலகத்தை நம்பவைத்த துணிகளில் நம்முடையதும் ஒன்று.

பெட்டிச் செய்தி: ஒரு சட்டையின் வயதைக் கண்டுபிடிக்க

லீவைஸ் ஜீன்ஸ்: பின்பாக்கெட் சிவப்புப் பட்டியில் ஆங்கில ‘இ’ பெரிய எழுத்தாக இருந்தால், பெரும்பாலும் 1971-க்கு முந்தையது. சேகரிப்பவர்கள் ‘பிக் இ’ என்று தேடுவது இதைத்தான். (பழைய பாணியில் இப்போது தைக்கும் மறுபதிப்புகளிலும் பெரிய எழுத்து வரும், கவனம்.)

டி-ஷர்ட்: கையிலும் கீழ்மடிப்பிலும் ஒற்றைத் தையல் ஓடினால் பெரும்பாலும் 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தையது. பிறகு இரட்டைத் தையல் பொதுவாகிவிட்டது. போலிக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதால் அச்சின் வெடிப்பையும் காலர் நைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காஞ்சிப் பட்டு: உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்று நாடா ஓட்டி, இரு பக்கமும் உட்கார்ந்து நெய்த கோர்வை என்றால் அந்த இணைப்பில் இழைகள் பின்னிக்கிடக்கும். கோர்வை நெய்யும் கைகள் குறைந்துவரும் காலத்தில், பழைய புடவையில் சுலபமாகக் கிடைப்பது புதுப் புடவையில் கிடைப்பதில்லை.

வெள்ளிக்காக எரியும் புடவை

கோர்வையைப் பற்றிச் சொன்னேன். ‘பழைய பட்டுப்புடவைக்கு ரொக்கம்’ என்ற நோட்டீசைப் பார்க்காத தமிழ்நாட்டு ஊர் இருக்காது. வாங்குபவர் புடவையை விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஜரிகையைத் தேய்த்துப் பார்த்து, நிஜ ஜரிகையா என்று மட்டும் சோதிக்கிறார். நிஜம் என்றால் எரித்து வெள்ளியை உருக்கிவிடுவார்கள். நெசவு, நிறம், முந்தி எல்லாம் அவருக்குச் சாம்பல். வெள்ளி விலை ஏறியிருக்கும் இந்த நாட்களில் பீரோவில் கிடக்கும் பாட்டி புடவைக்கு ஆபத்து அதிகம்.

பழைய பட்டை உடுத்தத் தேடும் இளம்பெண்கள் பெருகியிருப்பதை இந்தக் காரணத்துக்காகவே வரவேற்கலாம். உடுத்துபவர் கொடுக்கும் விலை, உருக்குபவர் கொடுக்கும் விலையைத் தாண்டும்போதுதான் புடவை பிழைக்கும். அதே வேகத்தில், பாட்டியின் நல்ல கோர்வைப் புடவையைக் கத்தரித்து கவுன் தைப்பதும் நடக்கிறது. நைந்துபோன புடவை என்றால் சரி. உடல் முழுதும் கெட்டியாக இருப்பதை வெட்டுவது எனக்கு உறுத்துகிறது. வெட்டாமலே கட்டும் உடையாகப் புடவை இருப்பதால்தான் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே துணி பொருந்துகிறது.

மவுசு வந்தால் விலையும் வரும்

அமெரிக்காவில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993-ல் எம்டிவி நிகழ்ச்சியில் போட்டிருந்தது, யாரோ போட்டுக் கழித்த பச்சை நிறக் கம்பளிச் சட்டை. ஒரு பட்டன் இல்லை, சிகரெட் பொத்தல் இருக்கிறது. 2019-ல் அது 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. இல்லாதவர்களின் உடையைப் போல் தெரிந்த ‘கிரஞ்ச்’ பாணி, அந்த எம்டிவி நிகழ்ச்சிக்கு முந்தைய வருடமே பெரிய ஃபேஷன் மேடைக்கு ஏறிவிட்டது. பழசுக்கு மவுசு வந்தால் என்ன ஆகும் என்பதன் முன்னோட்டம் அது.

நம் பக்கத்திலும் அதே திசைதான். நடைபாதையில் 50, 100 ரூபாய்க்கு எடுத்த ஜீன்ஸ், படம் எடுத்துப் போட்டதும் பல மடங்காகிறது. மறுவிற்பனைக்காரரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொறுக்குவது, துவைப்பது, கறை எடுப்பது, அளப்பது எல்லாம் வேலைதான். ஆனால் அதிகாலையில் வந்து நல்லதை எல்லாம் அவர்கள் எடுத்துவிட்டால், பத்து மணிக்கு வரும் கட்டிட வேலைக்காரருக்கு மிஞ்சுவது என்ன? அவருக்கு அந்த பேன்ட் வேலைக்குப் போட்டுப்போகும் உடை. கெட்டி ஜீன்ஸும் காக்கியும் ‘ஒர்க்வேர்’ என்ற பெயரில் ஸ்டைலாகிவிட்ட பிறகு, அதை நிஜமாகவே வேலைக்குப் போடுபவர் மெலிந்த பாலியஸ்டருக்குத் தள்ளப்படுகிறார்.

பாத்திரக்காரம்மாவின் கூடைக்கும் அடி விழுகிறது. எவர்சில்வர் விலை ஏறுகிறது. வரும் துணியோ தரம் இறங்குகிறது. இரண்டு முறை துவைத்தால் உருண்டை உருண்டையாக நூல் எழும்பும் மலிவு டாப்ஸை வாரச்சந்தையில்கூட யாரும் வாங்குவதில்லை. நல்ல சட்டையை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையோ அதைத் தானே இணையத்தில் விற்றுக்கொள்கிறது. பானிபட்டிலும் இதே மாற்றம். கம்பளிக் கந்தலில் நெய்த போர்வையின் இடத்தைப் புது பாலியஸ்டரின் மெத்தென்ற போர்வைகள் பிடித்துக்கொண்டன.

இன்னொரு ஏமாற்றும் உண்டு, இது நமக்கு நாமே செய்துகொள்வது. ‘பழசுதானே, பூமிக்கு நல்லதுதானே’ என்று பத்துச் சட்டை வாங்குகிறோம். புதிதாக வாங்கியிருந்தால் இரண்டோடு நின்றிருப்போம். டிராப் அறிவிப்பு வந்ததும் அலாரம் வைத்துக் காத்திருப்பதற்கும், தள்ளுபடி விற்பனைக்கு வாசலில் நிற்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தனித்துவம் தேடிப் போனவர்கள் எல்லாரும் தொளதொள கட்டச் சட்டையும் அகலக் கால் பேன்ட்டுமாகத் திரும்பி வருவதைக் கல்லூரி வாசல்களில் பார்க்கலாம். பொம்மை இல்லாத கடைக்கு ரீல்ஸ் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

பெட்டிச் செய்தி: வாங்கிய பிறகு

தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் காயவையுங்கள். தையல் மடிப்புகளை மறக்காமல் பாருங்கள்; பூச்சி முட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். கம்பளிக்கும் பட்டுக்கும் வெந்நீர் ஆகாது. உள்ளாடை, குழந்தை மெத்தை, ஹெல்மெட் மூன்றையும் பழசாக வாங்க வேண்டாம். அக்குளின் மஞ்சள் கறையும் நாட்பட்ட பூஞ்சைப் புள்ளியும் பெரும்பாலும் போகாது. ‘துவைச்சா போயிடும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். மறுவிற்பனையைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: பழைய பொருளை வாங்கி விற்பவர், விதி 32(5)-ன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினால் போதும்.

மூட்டை போய்ச் சேரும் ஊர்

உலகின் பழைய துணிச் சந்தைகளில் பெரியவற்றுள் ஒன்று கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் இருக்கும் கன்டமான்டோ. அங்கே பணியாற்றும் ‘தி ஓர் ஃபவுண்டேஷன்’ அமைப்பின் கணக்குப்படி வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் வந்து இறங்குகின்றன. வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. கட்டிய மூட்டைக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டுப் பிறகுதான் பிரிக்க வேண்டும். உள்ளே நல்ல சட்டை இருந்தால் பிழைத்தார், கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன் ஏறும். சுமார் 55 கிலோ மூட்டையைத் தலையில் சுமந்து சந்துகளுக்குள் கொண்டுபோவது நாட்டின் வடபகுதியில் இருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள்.

வருவதில் 40 சதவீதம் விற்க முடியாத குப்பை என்கிறது அந்த அமைப்பு. கானாவின் பழைய துணி வணிகர் சங்கம் இந்த எண்ணை ஏற்பதில்லை, குப்பை மிகக் குறைவு என்கிறது. எண்ணில் சண்டை இருந்தாலும் அக்ராவின் கடற்கரையில் மணலில் புதைந்து கயிறாக முறுக்கிக் கிடக்கும் துணிகளை யாரும் மறுக்க முடியாது. 2025 புத்தாண்டு அன்று இரவு பிடித்த தீயில் கன்டமான்டோவின் பெரும்பகுதி எரிந்து, ஆயிரக்கணக்கான வியாபாரிகள் கடை இழந்தார்கள். சில வாரங்களில் அதே இடத்தில் பலகை அடித்து மறுபடி விற்கத் தொடங்கிவிட்டார்கள், கடன் காத்திருக்காது.

அங்கேயும் ஸ்டைல் பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கன்டமான்டோவின் தையல்காரர்கள் இரண்டு ஜீன்ஸைப் பிரித்து ஒரு ஜாக்கெட் ஆக்குகிறார்கள், பெரிய அமெரிக்கச் சட்டையைக் குறுக்கி உள்ளூர் உடம்புக்குப் பொருத்துகிறார்கள், சாயம் போனதை மறுபடி சாயத்தில் முக்குகிறார்கள். அக்ராவின் இளம் வடிவமைப்பாளர்கள் பலரின் மூலப்பொருள் இந்தச் சந்தைதான். மறுசுழற்சி என்று பெரிய நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவதை, ஒரு தையல் மிஷினையும் கத்தரியையும் வைத்துக்கொண்டு இவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

அடுத்து என்ன வரும் என்பது ஐரோப்பாவைப் பொறுத்தது. அங்கே வீட்டுத் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. விற்காமல் தேங்கிய புது உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கான தடைக்கு 2026 ஜூலை 19 என்று நாள் குறித்திருக்கிறார்கள். குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது என்றால் அந்தத் துணி எங்காவது கப்பல் ஏறத்தான் வேண்டும். காண்ட்லாவில் தரம் பிரிக்கும் பெண்களின் மேசைக்கு எந்தத் துணி அதிகம் வருகிறது என்பதை வைத்தே அந்தச் சட்டங்கள் வேலை செய்கின்றனவா என்று சொல்லிவிடலாம். அங்கே வரும் மூட்டைகளில் விலைச்சீட்டு அறுக்காத உடைகளும் இருப்பது, இந்தத் தடைகள் எதுவும் வருவதற்கு முன்பிருந்தே அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.